பத்தே நாளில் பருவைப் போக்கிய களிம்பு

கேள்வி: எனக்கு 24 வயது. 3 வருடமாக முகத்தில் பரு. எண்ணெய் வழிவதால் ஒரு நாளைக்கு 6 முறை சோப்புப் போட்டுக் கழுவுவேன். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பருவின் மேல் பற்பசை, வாரம் 2 முறை ஸ்க்ரப் என்று எல்லாம் செய்து பார்த்தேன். 7 மாதத்துக்கு முன் சித்தி சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். 10 நாளில் பரு போய்விட்டது, முகமும் வெளுத்தது. பிறகு ஒரு நாள் போடாவிட்டாலும் எரிய ஆரம்பித்ததால் பயந்து நிறுத்திவிட்டேன். நிறுத்தி 12 நாள் ஆகிறது. முகம் முழுக்கச் சிவந்து, பொடிப்பொடியாகப் பரு. தாடையில் முடி வளர்ந்திருக்கிறது. தை மாதம் கல்யாணம். இன்னும் 5 மாதம்தான் இருக்கிறது. அதுவரைக்கும் மட்டும் அந்த க்ரீமை மறுபடி போட்டுக்கொள்ளலாமா? உடம்புச் சூடு என்கிறார் அம்மா. ரத்தம் சுத்தமில்லை என்கிறார் பாட்டி. மாதவிலக்கும் 50, 60 நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.
– வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

மறுபடி போடாதீர்கள். ஒரே ஒரு நாளைக்குக்கூட வேண்டாம். 12 நாள் எரிச்சலைத் தாங்கிக்கொண்டு நிறுத்தியிருக்கிறீர்கள். மிகக் கடினமான கட்டத்தில் பாதியைக் கடந்துவிட்டீர்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். இப்போது போட்டால் இரண்டு நாளில் முகம் அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் அடுத்த முறை நிறுத்தும்போது இதைவிட மோசமாகக் கிளம்பும். அந்த நாள் கல்யாணத்துக்கு முந்தின வாரமாகவும் இருக்கலாம்.

க்ரீமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் 10 நாளில் பரு மறைவது, நிறம் வெளுப்பது, விட்டால் எரிவது, சிவப்பு, முடி வளர்ச்சி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருவதைப் பார்த்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்று சந்தேகிக்க எல்லாக் காரணமும் இருக்கிறது. ட்யூபை எடுத்துப் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், பெக்லோமெத்தசோன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா பாருங்கள். இவை எல்லாம் ஸ்டீராய்டுகள். பெரும்பாலும் கூடவே ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பாக்கும் மருந்து, ட்ரெட்டினாயின் என்ற பெயர்களும் இருக்கும். ஸ்டீராய்டும் இந்த இரண்டும் சேர்ந்த கலவை பருவுக்காக உண்டானதே அல்ல. கன்னத்தில் வரும் மங்குக்காக அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் 1975-ல் வெளியிட்ட சூத்திரத்தின் வழிவந்தது. மங்குக்குக்கூட இதை மருத்துவர் மேற்பார்வையில், லேசான ஸ்டீராய்டுடன், 8 வாரம் வரைதான் தருவது வழக்கம். நீங்கள் போட்டது 7 மாதம்.

அந்தப் பத்து நாளில் என்ன நடந்தது என்றால், ஸ்டீராய்டு தோலின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கியது. அதனால் சிவப்பு மறைந்து முகம் வெளுத்துத் தெரிந்தது. பருவின் வீக்கத்தையும் அது அடக்கியது. ஆனால் பருவின் வேரான அடைப்பு அப்படியே இருந்தது. மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்தது, கிருமியைத் தடுக்கும் திறன் குறைந்தது, பூனை முடி தடித்தது. களிம்பை நிறுத்தியதும் சுருங்கிக் கிடந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. இந்த எரிச்சலும் சிவப்பும் அதுதான். ஒரே அளவில் பொடிப்பொடியாக வரும் பருக்களும் ஸ்டீராய்டு கிளப்பிவிடுபவைதான். ஆகவே இப்போது முகத்தில் இருப்பது உங்கள் பழைய பரு மட்டும் அல்ல. அதற்கு மேல் மருந்தால் வந்த இன்னொரு நோய் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதைத்தான் ஆற்ற வேண்டும்.

உங்கள் சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். 2018-லேயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் கவுன்டரில் கேட்டால் கிடைக்கிறது. வெளுப்பாக்கும் என்பதற்காகவே ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார். மாநிறம் ஒரு நோய் இல்லை. அதற்கு மருந்து தேடப் போய் எத்தனையோ நல்ல முகங்கள் புண்ணாகிக்கொண்டிருக்கின்றன. எனக்கு வருத்தமும் கோபமும் அதில்தான்.

இனி உங்கள் வீட்டில் பேசிக்கொள்வதற்கு வருகிறேன். நீங்கள் செய்த எல்லாவற்றையும் கவனியுங்கள்: 6 முறை கழுவல், எலுமிச்சை, சோடா, ஸ்க்ரப். எல்லாமே முகத்தைச் சுத்தம் செய்யும் முயற்சிகள். பரு என்றால் அழுக்கு என்ற நம்பிக்கைதான் அடியில் இருக்கிறது. பாட்டி சொல்லும் கெட்ட ரத்தமும் அதே நம்பிக்கைதான். அழுக்கு வெளியில் இல்லாமல் உள்ளே இருக்கிறது என்கிறார், அவ்வளவே. பரு உண்டாகும் இடம் ரத்தம் அல்ல, மயிர்க்கால். அதை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பி ஹார்மோன் தூண்டுதலால் அதிகம் சுரக்கிறது. மயிர்க்காலின் உள்சுவரில் உதிரும் செல்கள் வெளியே வராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. எப்போதும் அங்கே வாழும் ஒரு பாக்டீரியா, எண்ணெய் தேங்கியதும் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்க, சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. சோப்பு நுரை எட்டாத ஆழத்தில் இத்தனையும் நடக்கிறது. மூக்கில் கறுப்பாகத் தெரியும் பிளாக்ஹெட்ஸ்கூட அழுக்கு இல்லை. அடைப்பு காற்றில் பட்டுக் கறுப்பதும், அதில் இருக்கும் மெலனின் நிறமியும்தான் அந்தக் கறுப்பு.

அம்மா சொல்லும் சூட்டைப் பற்றி: வெயில் காலத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடுவதால் பரு கூடுவது உண்டு. மற்றபடி மாம்பழம் சாப்பிட்டதால் உள்ளே சூடாகிப் பருவாக வெளியே வருவதில்லை. உணவுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1969-ல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, பருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார்கள். ஒப்பிடுவதற்குக் கொடுத்த போலிச் சாக்லேட்டிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்ததால் அந்த முடிவு பிறகு கேள்விக்குள்ளானது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம் செய்த ஆய்வில், ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றாத உணவு சாப்பிட்டவர்களுக்கு 12 வாரத்தில் பரு அதிகம் குறைந்தது. ஆகவே சர்க்கரை போட்ட டீ, குளிர்பானம், மைதா பிஸ்கட், பேக்கரிப் பண்டங்களைக் குறைத்துப் பாருங்கள். பால் அதிகம் குடிப்பவர்களிடமும், ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் சாப்பிடுபவர்களிடமும் பரு கூடுதலாகக் காணப்படுகிறது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் முகத்தில் எண்ணெய் வழியும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எலுமிச்சை, சோடா இரண்டையும் இனித் தொடவே வேண்டாம். நம் தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது. அமிலம், காரத்தை அளக்கும் பிஎச் கணக்கில் ஏறக்குறைய 5; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கத்தில் இருக்கிறது, சோடாக் கரைசல் 8-க்கு மேல், சாதாரணக் குளியல் சோப்பு 9, 10. ஒரே முகத்தை ஒரே நாளில் இரண்டு பக்கமும் இழுத்தால் மேலே இருக்கும் பாதுகாப்புப் படலம் கிழிந்துவிடும். எலுமிச்சையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்துக் கருந்தழும்பாகிவிடலாம். பற்பசை பருவைக் காய வைக்கிற மாதிரித் தெரிவது அதிலுள்ள நுரைப்பொருளும் புதினாச் சத்தும் தோலைப் புண்ணாக்குவதால். பரு போனாலும் அந்த இடத்தில் கருமை மாதக் கணக்கில் நிற்கும். ஸ்க்ரப்பும் அப்படித்தான், பழுத்த பருவின் மேல் சர்க்கரையையோ கொட்டைத் தூளையோ தேய்த்தால் உள்ளே உடைந்து பக்கத்துக்குப் பரவும். கிள்ளுவதும் இதே கணக்குதான். சீழ் வெளியே வருவதோடு உள்ளேயும் அழுந்துகிறது, குழித் தழும்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் 4 முதல் 6 வாரம் வரை முகத்துக்கு மூன்றே பொருள்.

காலையும் இரவும் நுரை குறைந்த, வாசனை இல்லாத ஃபேஸ் வாஷ். மருந்து கலந்த எதுவும் இப்போது வேண்டாம்; சாலிசிலிக் அமிலம், கிளைக்கோலிக் அமிலம், வைட்டமின் சி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை எல்லாம் ஒதுக்கி வையுங்கள். சாதாரணத் தண்ணீர், விரல் நுனி, அரை நிமிடம் போதும். இடையில் வியர்த்தால் வெறும் தண்ணீர். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

முகத்தில் ஈரம் லேசாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். 'எனக்கு எண்ணெய்ச் சருமம், எதற்கு க்ரீம்?' என்று தோன்றும். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. ஸ்டீராய்டு மெலிய வைத்த தோல் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் தவிக்கிறது. கிளிசரின், செராமைடு உள்ள லேசான லோஷன் வாங்குங்கள். நிறைய எரிகிற நேரத்தில் சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து 10 நிமிடம் முகத்தில் போட்டு, எடுத்ததும் லோஷன் போடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம்.

மூன்றாவது சன்ஸ்க்ரீன். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். பலரும் கடுகளவு எடுத்துப் பூசிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. பரு விட்டுப்போகும் கருமையைக் கரைய விடாமல் வைத்திருப்பதே வெயில்தான், அதனால் இதைச் செலவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இந்த வாரத்திலேயே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் கட்டணமே இல்லை. வீக்கம் அதிகமாக இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையும், ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் போன்ற களிம்பும் அவர் கொடுக்கலாம். டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் நிறைய தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இரவு படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டால் மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயிலும் கூடுதலாகச் சுடும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் 'முகம் இன்னும் மோசமாகிறதே' என்ற பயம் வரும். ஏறி இறங்கித்தான் ஆறும். முழுதாக அமைதியாகச் சில மாதங்கள் பிடிக்கலாம். கல்யாணத்துக்குள் சிவப்பும் எரிச்சலும் பெரிதும் தணிய வாய்ப்பு இருக்கிறது. ஒரு தடம்கூட இருக்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

தோல் அமைதியானதும் உங்கள் பழைய பருவுக்கான மருந்து தொடங்கும். பெரும்பாலும் அடாபலீன் 0.1% ஜெல் எழுதுவார்கள். அடைப்பையே திறக்கிற மருந்து அது. இதைப் பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வரப்போகிற பரு கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துத் துவாரத்தில் இருக்கிறது, ஆகவே முகம் முழுக்கப் போட வேண்டும். ஒரு பச்சைப் பட்டாணி அளவை எடுத்து நெற்றி, மூக்கு, இரு கன்னம், தாடை என்று ஐந்து பொட்டு வைத்து மெல்லியதாகப் பரப்புங்கள். கழுவியவுடன் ஈரத்தில் போட்டால் எரியும்; 20 நிமிடம் காய விடுங்கள். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டு ஓரத்தைத் தவிருங்கள். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு 2 இரவு போதும். அடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள். எரிச்சல் இல்லை என்றால் தினமும். ஆரம்ப வாரங்களில் பரு கொஞ்சம் கூடும். அங்கேதான் பலரும் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஸ்டீராய்டு 10 நாளில் செய்ததை எந்த நேர்மையான பரு மருந்தும் 10 நாளில் செய்யாது.

கூடவே காலையில் பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு ஜெல் தரலாம். 2.5%-ஐயே கேளுங்கள். வீங்கிய பருவைக் குறைப்பதில் அது 10%-க்குச் சளைத்ததில்லை. எரிச்சல் மட்டும் குறைவு. துணிச் சாயத்தை அது வெளுத்துவிடும். தலையணை உறை, வண்ணத் துண்டு, முக்கியமாக ஜாக்கெட் கழுத்து, கவனம். கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிப் பார்க்கிற நாளில் இதைப் போடவே வேண்டாம். க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போடும் பழக்கமும் தவறு. கிருமி அதற்குப் பழகிப்போகும்; பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்துத்தான் போட வேண்டும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 50, 60 நாளைக்கு ஒருமுறை மாதவிலக்கு என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவது, 20 வயதுக்குப் பிறகும் விடாத பரு, தாடையில் முடி மூன்றும் சேர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முடி களிம்பாலும் வந்திருக்கலாம், ஹார்மோனாலும் வந்திருக்கலாம். பரிசோதித்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், வெறும் வயிற்றுச் சர்க்கரை, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை மகப்பேறு மருத்துவர் எழுதித் தருவார். ஹார்மோனைச் சரிசெய்யாமல் மேலே மட்டும் மருந்து போட்டால் பரு திரும்பத் திரும்ப வரும். இதைக் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. மிகப் பல பெண்களுக்கு இருக்கிற, கட்டுக்குள் வைக்க முடிகிற ஒன்று இது.

கல்யாணம் என்பதால் இதையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அடாபலீன், ட்ரெட்டினாயின், டாக்சிசைக்ளின், ஹார்மோன் பருவுக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன் எதுவும் கர்ப்பத்தில் கூடாது. கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவைக் கடுமையாக ஊனப்படுத்தும். அதை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. உடனே குழந்தை வேண்டும் என்பது உங்கள் திட்டமானால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அசெலாயிக் அமிலம் கர்ப்பத்திலும் போடலாம். பரு, கருமை இரண்டுக்கும் உதவும். அதை நடுவில் வைத்து மருந்தைத் திட்டமிட முடியும்.

தலைக்கு எண்ணெய் வைப்பதை விட வேண்டாம். நெற்றியோரம் வழியவிட்டு இரவெல்லாம் தூங்குவதை மட்டும் விடுங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து அலசிவிடலாம். பொடுகு இருந்தால் கீட்டோகோனசோல் 2% ஷாம்பூ வாரம் இருமுறை, 5 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். நெற்றியில் ஒரே மாதிரி அரிக்கிற பொடிப் பருக்கள் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

பார்லரில் ப்ளீச், ஃபேஷியல், முகத்துக்கு ஆவி எதுவும் இந்த முகத்துக்கு ஆகாது. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். குழித் தழும்புக்கான லேசர், ஊசி வைத்தியம் எல்லாம் பரு அடங்கிய பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம். முகூர்த்தத்துக்கு முந்தின 3 வாரம் புதிதாக எதையும் முகத்தில் போட வேண்டாம். நலங்கில் மஞ்சளைக் கை காலுக்குப் பூசச் சொல்லுங்கள், கன்னத்தில் சாஸ்திரத்துக்கு ஒரு தொடல் போதும். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய பரு கிளம்பினால் கிள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். மிகக் குறைந்த அளவு ட்ரையாம்சினோலோன் ஊசியை அந்த ஒரு பருவுக்குள் மட்டும் போட்டால் ஓரிரு நாளில் அமுங்கிவிடும். அதுவும் ஸ்டீராய்டுதான். ஆனால் அளவு தெரிந்த கை, ஒரே ஒரு முறை, ஒரே ஒரு இடத்தில் போடுகிறது.

மருத்துவரிடம் போகும்போது அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாமல் அட்டைப்பெட்டியோடு கொண்டுபோங்கள். 7 மாதத்தில் எத்தனை ட்யூப் காலியானது, கண்ணிமைக்குப் பக்கத்தில் போட்டீர்களா என்று கேட்பார், யோசித்து வையுங்கள். க்ரீம் போடுவதற்கு முன் எடுத்த போட்டோ செல்போனில் இருந்தால் காட்டுங்கள். கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதன் கீழேயே முகூர்த்தத் தேதியையும்.